பொருள்: கார்ட்லெஸ் மைக்கில் இரண்டு 'வாங்கி'

அனைவருக்கும் வணக்கம்.

மேடை ஒலி வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மைக்குக்கு 'ஒலிவாங்கி', அது அனுப்பும் அலையைப் பெறும் ரிசீவருக்கு 'அலைவாங்கி' என்று எழுதியிருந்தேன். நேற்று வகுப்பில் ரிசீவரை நினைத்து "முதல்ல வாங்கியை அணைங்க" என்றேன். மாணவி கையிலிருந்த மைக்கை அணைத்துவிட்டார். வலுவான அலை வராதபோது ரிசீவரின் ஒலியை அடைக்கும் ஸ்குவெல்ச் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. ரிசீவர் திறந்தே கிடந்ததால் ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்' என்று காதைப் பிளக்கும் இரைச்சல். தவறு என் சொல்லில்தான். பேசும்போது யார் 'ஒலி', 'அலை' என்று முன்னால் சேர்க்கிறார்கள்? மாற்றுச் சொல் தாருங்கள், ஸ்குவெல்ச்சுக்கும் சேர்த்து.

---

தம்பி, கோளாறு 'ஒலிவாங்கி'யில் இருக்கிறது. 'வாங்கு' என்பதற்கு வளைதல் என்றும் பொருள் உண்டு. சங்கப் பாடல்களில் 'வாங்கமை' வளைந்த மூங்கில். வளைத்துத் தன்பக்கம் இழுப்பதிலிருந்துதான் பெறுதல் என்ற பொருள் வந்திருக்கும் என்பது என் எண்ணம். மைக் எதையும் இழுப்பதில்லை. ஒலியை மின்குறிப்பாக மாற்றுகிறது. 'ஒலிமாற்றி' என்றே சொல்லலாம்.

---

ஐயா, ஸ்பீக்கரும் மாற்றிதானே? ஒரு வாங்கியை விரட்டப் போய் இரண்டு மாற்றிகள் வந்து நிற்கும். ஊன்றிவிட்ட 'ஒலிவாங்கி'யைத் தொட வேண்டாம்.

ரிசீவருக்கு 'ஏற்பி' என்பேன். வாங்கி, அனுப்பி, செலுத்தி, பரப்பி எல்லாமே வினையெச்சமாகவும் நிற்கும். "வாங்கி வைத்தேன்" என்றால் கருவியை வைத்தேனா, எதையோ வாங்கி வைத்தேனா? 'ஏல்' என்பதன் எச்சம் 'ஏற்று'. ஆகவே 'ஏற்பி' அப்படி எச்சமாக நிற்காது. அலையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்குப் 'பரப்பி' போதும், அதனோடு மோத வேறு பரப்பி இல்லை.

---

உயிரியல் பாடத்தில் 'ஏற்பி' என்றால் செல்லில் இருக்கும் ரிசெப்டர். ஆனாலும் இரண்டும் ஒரே மேடையில் சந்திக்கப் போவதில்லை, எனக்குச் சம்மதம்.

ஸ்குவெல்ச்சுக்கு 'மதகு' எப்படி? வரும் அலை வலுவாக இருந்தால் திறக்கிறது, வலு குறைந்தால் அடைத்துக்கொள்கிறது. 'மதகை ஏற்று, மதகைத் தாழ்த்து' என்று வாயிலும் வரும்.

---

அண்ணா, எனக்கு இந்த முயற்சியிலேயே வருத்தம் இருக்கிறது. பேச்சு நடுவில் அறுந்தால் "ரிசீவரைப் பாரு" என்றுதான் கத்துவோம். மைக்கின் அலை 600 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 50 செ.மீ.தான். நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும்; பேசுபவர் ஓரடி நகர்ந்தால் ஒலி திரும்பிவிடும். அதற்குள் முடிவெடுக்க வேண்டியவனுக்கு அகராதி பார்க்க நேரம் கிடையாது. காலர் மைக், ரிசீவர் என்றே அச்சிடுங்கள்.

---

எல்லோருக்கும் நன்றி. ஐந்து பேர் 'ஏற்பி' என்கிறீர்கள், இருவர் 'ரிசீவர்'. கையேட்டில் முதன்முறை வரும்போது 'ஏற்பி அல்லது ரிசீவர்', அப்புறம் 'ஏற்பி'. மைக் மைக்காகவே இருக்கும். ஸ்குவெல்ச்சுக்கு 'மதகு' என்று போட்டுவிட்டேன்.

---

தம்பி, அச்சுக்குப் போகுமுன் ஒன்று. நாய்ஸ் கேட்டுக்கும் நாளைக்கு 'மதகு' என்றுதான் கேட்பார்கள். அது ஒலியின் அளவைப் பார்த்து அடைப்பது. ஸ்குவெல்ச் பார்ப்பது அலையின் வலுவை. 'அலைமதகு' என்றாவது திருத்துங்கள். வாங்கியில் பட்டது போதாதா?