அப்பாவின் ஸ்டாக்கிங்ஸ் அப்பத்தா காலில்

*செவ்வாய்*

கார்த்தி, இரவு 8.10
அப்பாவை மதியம் டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பைபாஸ் முடிந்து இன்று 7ஆம் நாள். இரண்டு இட்லி சாப்பிட்டார், தூங்குகிறார்.

சித்தப்பா, 8.14
நல்லது கார்த்தி. சனிக்கிழமை நான் வருகிறேன். அண்ணனைத் தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டுமே.

அத்தை, 8.20
டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். தம்பி, அக்குளில் கைகொடுத்து யாரும் அண்ணனைத் தூக்கக் கூடாது. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கிறார்கள். எலும்பு ஒன்றுசேர எட்டு வாரமாவது வேண்டும். அவரே ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு எழட்டும். நீங்கள் முதுகில் கை வைத்தால் போதும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா, 8.23
மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த அந்த மூன்று பந்து டப்பாவை ஊதச் சொன்னேன். பந்து அசையவே இல்லை.

அத்தை, 8.24
ஊதக் கூடாது அண்ணி, உறிஞ்ச வேண்டும். வார்டில் சொல்லிக்கொடுத்த பிறகும் நிறையப் பேர் ஊதுவார்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி கட்டிவிடும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 தடவை.

*புதன்*

கார்த்தி, காலை 6.30
அத்தை, அப்பாவுக்கு இடது கால் வீங்கியிருக்கிறது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடட்டுமா என்று அப்பத்தா கேட்கிறார்.

அத்தை, 7.25
இப்போதுதான் டியூட்டி முடிந்தது. தேய்க்க வேண்டாம். இதயத்தில் ஒட்டுவதற்கு அந்தக் காலில் இருந்துதான் இரத்தக் குழாய் எடுத்தார்கள். அதனால் கொஞ்ச நாளைக்கு வீக்கம் இருக்கும். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கட்டும், பகலில் அவர்கள் கொடுத்த இறுக்கமான ஸ்டாக்கிங்ஸைப் போடட்டும். ஆனால் கெண்டைக்கால் இறுகி, சூடாகி, வலித்தால் உடனே ஆஸ்பத்திரி. உள்ளே இரத்தம் உறைந்திருந்தால், தேய்க்கும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

அத்தை, 7.27
தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து நோட்டில் எழுது. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

கார்த்தி, 7.31
சரி அத்தை. இன்னொன்று. அப்பாவைப் பார்த்து அப்பத்தாவும் நேற்று காலுக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்தார். அப்பாவின் மாற்று ஸ்டாக்கிங்ஸையும் போட்டுக்கொண்டார். ராத்திரி முழுக்கக் கால் வலி என்று தூங்கவில்லை.

அத்தை, 7.31
அதை உடனே கழற்று. தலையணையையும் எடு.

அத்தை, 7.33
அப்பத்தா எழுந்து காலைத் தொங்கப்போட்டால் வலி குறைகிறதா? கேட்டுச் சொல்.

கார்த்தி, 7.38
குறைகிறதாம். கோயிலுக்கு நடக்கும்போதும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் சரியாகிவிடும் என்கிறார். வயசாகிவிட்டது என்று ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.

அத்தை, 7.40
கால் விரல் நுனியை அழுத்திவிட்டு விடு. எவ்வளவு நேரத்தில் நிறம் திரும்புகிறது?

கார்த்தி, 7.44
வலது காலில் ஐந்து ஆறு விநாடி ஆகிறது. என் விரலில் உடனே திரும்புகிறது. அந்தப் பாதம் சில்லென்றும் இருக்கிறது.

அத்தை, 7.50
கார்த்தி, கவனமாகக் கேள். அண்ணனுக்கு இரத்தம் காலில் இருந்து மேலே ஏறச் சிரமப்படுகிறது, அதனால் காலை உயர்த்துகிறோம். அப்பத்தாவுக்கு இரத்தம் காலுக்கு இறங்கவே சிரமப்படுகிறது. காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி சுருங்கியிருக்கும் என்று நினைக்கிறேன், சர்க்கரை 20 வருஷமாக இருக்கிறதே. அவருக்குக் காலை உயர்த்தினாலும், இறுக்கிக் கட்டினாலும், வருகிற கொஞ்ச இரத்தமும் குறைந்துபோகும். ஓய்வில் வலி வந்துவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது. இன்றே இரத்தக் குழாய்க்கான வாஸ்குலர் டாக்டரிடம், இரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

சித்தப்பா, 7.53
சுடுதண்ணீர்ப் பை வைக்கலாமா அக்கா? சில்லென்று இருக்கிறது என்கிறானே.

அத்தை, 7.54
கூடவே கூடாது தம்பி. உணர்ச்சி குறைந்த காலில் சுட்டால் தெரியாது. அந்தப் புண் ஆறவும் ஆறாது. பருத்திச் சாக்ஸ் தளர்வாகப் போடலாம். வீட்டுக்குள்ளும் செருப்பு. திடீரென்று கால் வெளுத்து மரத்து, அசைக்க முடியாமல் போனால் டாப்ளர் வரை காத்திருக்காதீர்கள், 108.

அத்தை, 7.56
எனக்கு மனசே ஆறவில்லை. தினம் பத்துப் பேருக்குப் பாதத்தில் நாடி பார்க்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டேன், சில்லென்று இருந்ததைப் பனி என்று நினைத்துவிட்டேன்.

அம்மா, 7.59
நீ வருத்தப்படாதே. பக்கத்திலேயே இருக்கிற எனக்கும் தெரியவில்லை. 11 மணிக்குக் கிளம்புகிறோம். உன் அண்ணனோடு உங்கள் அப்பா (அய்யா) இருப்பார்.

அத்தை, 8.02
அண்ணி, அம்மாவின் வலது கால் மெட்டி இறுக்கமாக இருக்குமே. புண் ஆகும் முன்னால் கழற்றிவிடுங்கள். சோப்பு நுரை போட்டு மெதுவாக.

அம்மா, 8.10
அய்யா இருக்கும்போது கழற்ற மாட்டேன் என்கிறார். என்ன சொன்னாலும் கேட்கவில்லை.

அத்தை, 8.11
அய்யாவையே கழற்றச் சொல்லுங்கள்.

கார்த்தி, 8.26
அய்யா தரையில் உட்கார்ந்து, அவரே நுரை போட்டுக் கழற்றிவிட்டார். விரலில் வெள்ளையாகத் தடம் விழுந்திருக்கிறது, தோல் கிழியவில்லை. மெட்டியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை, காலைத் தொங்கவிட்டுக் காபி குடிக்கிறார்.