எச்1 ஐ எங்க வைக்கிறது? வேர்ட்பிரஸ் தெரிஞ்ச ஆக்களின்ர உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்துப் பனை உணவுகள் பற்றி, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டுற மென்பொருளில் செய்த தளம் ஒன்றைத் திருத்துறம். தீம் (தளத்தின்ர தோற்ற வார்ப்பு) எல்லாப் பக்கத்திலும் தளத்தின் பெயரை எச்1 (முதல் நிலைத் தலைப்பு; எச்2, எச்4 அதுக்குக் கீழ் நிலைகள்) ஆக்குது. 'ஒடியல் கூழ் காய்ச்சும் முறை' என்ற பக்கத் தலைப்பு எச்2. 'தேவையானவை', 'செய்முறை' இரண்டும் சின்ன எழுத்துக்காக எச்4 ஆகக் கிடக்கு. பக்கத் தலைப்பை எச்1 ஆக்க வேணும்; இந்த இரண்டையும் எச்2 ஆக்கி, எழுத்தளவைத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் குறியீட்டில் குறைப்பம். இந்த இரண்டையும் மாத்துறது சின்ன வேலை. என்விடிஏ என்ற திரை வாசிப்பானில் 2 ஐ அழுத்தி எச்2 தலைப்புகளுக்குத் தாவுற பார்வையற்ற வாசகருக்கு இப்ப செய்முறை அகப்படாது. கூகுள் தேடலில் வாற இடத்தைவிட அதுதான் பெரிய கவலை.

சைல்ட் தீமில் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றம் செய்யிற துணைத் தீம்) ஹெடர் கோப்பைப் பிரதி எடுத்து, தளப் பெயரைத் தலைப்பு நிலை இல்லாத டிவ் டேக் ஆக்கினால் முகப்பில் எச்1 இல்லாமல் போகுது. முகப்புக்கு மட்டும் நிபந்தனை போட்டு எச்1 ஐ விடுறதோ, முகப்பு உரையிலேயே தனி எச்1 எழுதுறதோ நல்லது? தீமின் சிஎஸ்எஸ் விதிகள் எச்1 டேக்கின்ர பெயரிலேயே எழுதிக் கிடக்கு, அதால டிவ் ஆக்கினால் லோகோவும் இடம் மாறுது. செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.