டாய்லெட் கேசட் வெளியே வரவில்லை, 3 மணிக்குள் வண்டியை ஒப்படைக்கணும் – அவசர உதவி

மூணு_ஜோடி (புதியவர்) – காலை 9:41
வணக்கம். நண்பர்கள் மூன்று ஜோடி, வாடகை மோட்டார்ஹோமில் ஒயின் தோட்டங்களைச் சுற்றிவிட்டு இன்று கடைசி நாள். நேற்று ராத்திரி கடைசி ராத்திரி என்று ஐந்து பாட்டில் காலி, அதனால் எல்லோரும் லேட்டாகத்தான் எழுந்தோம். டாய்லெட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. காலி செய்யலாம் என்று போனால் கழிவு சேரும் பெட்டி (கேசட்) வெளியே வர மறுக்கிறது. இழுத்தாச்சு, தட்டியாச்சு. அப்படியே கொடுத்தால் தனியாகப் பணம் பிடிப்பார்களாம். சீக்கிரம் சொல்லுங்கள், ஆறு பேர் நிற்கிறோம், அதில் இரண்டு பேருக்கு ரொம்ப அவசரம்.

சான்ஹோசே_சாம்பார் – 9:48
கலிஃபோர்னியாவில் நாபாவா, சொனோமாவா? எதுவானாலும் பயம் வேண்டாம். டிரைவர் பக்கம் அடியில் குழாய் மூடி இருக்கும். ஹோஸை மாட்டி முதலில் கறுப்புத் தொட்டி (டாய்லெட் கழிவு) வால்வைத் திறங்கள், அது வடிந்ததும் சாம்பல் தொட்டி (கழுவிய தண்ணீர்). பாத்திரம் கழுவிய தண்ணீர் பின்னால் வந்து ஹோஸையும் கழுவிவிடும். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

மூணு_ஜோடி – 9:52
ஹோஸ் எதுவும் இல்லைங்க. பெட்டிதான், வெளிப்பக்கம் சின்னக் கதவு.

ஊர்சுற்றி_பழனி – 9:55
எந்த நாடு? எந்த மாடல்? (கதவின் உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும்.) அசையவே இல்லையா, பாதி வந்து நிற்கிறதா? உட்காரும் இடத்தில் உள்ள பிளேடு (பெட்டியின் வாயை மூடும் தகடு) மூடியிருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

தண்டவாளம் (மூத்த உறுப்பினர்) – 9:58
கேள்வி கேட்பது எப்படி என்று இந்தப் பகுதியின் உச்சியிலேயே ஒரு பதிவு ஒட்டியிருக்கிறேன். யார் படிக்கிறார்கள்? வண்டி எடுக்கும்போது அரை மணி நேரம் செய்முறை விளக்கம் கொடுத்திருப்பார்கள், அப்போது எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். போகட்டும். பிளேடு திறந்திருந்தால் கேசட் வெளியே வராது. வராதபடிதான் செய்திருக்கிறார்கள். வந்தால் உங்கள் செருப்பு என்ன கதி ஆகும் என்று யோசியுங்கள்.

மூணு_ஜோடி – 10:03
பரோசா சார். டனுண்டாவில் கேரவன் பார்க்கில் இருக்கிறோம். வண்டியை அடிலெய்டில் கொடுக்கணும். பிளேடு மூடித்தான் இருக்கிறது. செல்ஃபி எடுத்தது உண்மை.

சான்ஹோசே_சாம்பார் – 10:05
அட, ஆஸ்திரேலியாவா! முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சரி, அங்கேயும் அடியில் ஒரு வால்வு இருக்கும், பாருங்கள்.

தேங்காநார் – 10:08
ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் போர்வெல் மோட்டார் வாஷருக்கே நான் தேங்காய் எண்ணெய்தான். இல்லையென்றால் வாசலின் தடவுங்கள், வழுக்கிக்கொண்டு வரும்.

தண்டவாளம் – 10:10
வாசலின் அந்த சீலைக் கெடுத்துவிடும். அடுத்து வாடகைக்கு எடுக்கிறவன் தரையில் ஒழுகும்போது உங்களை வாழ்த்துவான். சிலிக்கான் ஸ்பிரே மட்டும்தான். போர்வெல் வேறு, இது வேறு.

கிராமத்தான்_77 – 10:14
இவ்வளவு பாடு எதற்கு? சுற்றிலும் தோட்டம்தானே. பெட்டியை எப்படியாவது பெயர்த்து எடுத்து ஒரு ஓரமாகப் பள்ளம் தோண்டி ஊற்றினால் கொடிக்கும் உரம்.

அடிலெய்டு_அக்கா – 10:19
தம்பி, தயவுசெய்து அந்த யோசனையை அங்கே வாய்விட்டுச் சொல்லாதீங்க. டனுண்டாவில் 1843இல் நட்ட ஷிராஸ் (சிவப்பு ஒயின் திராட்சை) கொடி இன்னும் காய்க்கிறது. ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா பூச்சி சவுத் ஆஸ்திரேலியாவுக்குள் வராததால்தான் அது உயிரோடு இருக்கிறது. செருப்பில் ஒட்டிய மண்ணோடு பூச்சி வரும் என்று கொடி வரிசைக்குள் நடக்கவே விடமாட்டார்கள். நீங்க பள்ளம் தோண்டச் சொல்றீங்க. அதுவும் டாய்லெட்டில் ஊற்றும் அந்த நீல மருந்தோடு!

மூணு_ஜோடிக்கு: பிளேடு மூடியிருக்கிறது என்பது கைப்பிடியைப் பார்த்துச் சொல்வதா, உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வதா? டிஷ்யூ பேப்பர் விளிம்பில் மாட்டியிருந்தால் கைப்பிடி மூடிய பக்கம் வந்துவிடும், ஆனால் பிளேடு ஒரு நூல் திறந்தே நிற்கும். அந்த ஒரு நூல் போதும், பூட்டு விடாது. தொட்டி நிறைந்த பிறகும் உபயோகித்திருந்தால் பேப்பர் மேலேயே மிதக்கும். டார்ச் அடித்துப் பாருங்க. பிளேடை முழுக்கத் திறந்து, கையுறை போட்டு (கேரிபேக் ஆனாலும் சரி) பேப்பரை எடுத்துவிட்டு, விளிம்பில் ஒரு டம்ளர் மட்டும் தண்ணீர் விட்டு மெதுவாக மூடுங்க. முரட்டுத்தனமாகத் திருகினால் கைப்பிடி உடையும். பிறகு வெளியே கிளிப்பைத் தூக்கிக்கொண்டு நேராக இழுங்க. ஊற்றும்போது காற்று விடும் பட்டனை அழுத்திக்கொள்ளுங்க, இல்லையென்றால் ‘களுக்’கென்று மேலே தெறிக்கும். அவசரக்காரங்களை பார்க் கழிப்பறைக்கு அனுப்புங்க, அதற்கும் சேர்த்துத்தானே வாடகை.

ஊர்சுற்றி_பழனி – 10:24
அக்கா சொல்வதுதான் சரி. எனக்கு வேறு ஒரு கவலை. ஐந்து பாட்டில் என்கிறார். அடிலெய்டுக்கு அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டம். யார் ஓட்டப்போகிறீர்கள்?

தேங்காநார் – 10:26
அது நேற்று ராத்திரி. ஒரு ஃபில்டர் காபி குடித்தால் தெளிந்துவிடும்.

ஊர்சுற்றி_பழனி – 10:31
காபி தூக்கத்தைத்தான் கலைக்கும், ரத்தத்தில் இருப்பதை இறக்காது. அங்கே ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். 14.5 சதவீத ஷிராஸ் ஒரு பாட்டிலில் எட்டரை இருக்கும். ஐந்து பாட்டிலை ஆறு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு ஏழு. உடம்பு ஏறக்குறைய மணிக்கு ஒன்றைத்தான் கழிக்கும். எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது, அவர் அதையும் சொல்லவில்லை.

சான்ஹோசே_சாம்பார் – 10:34
எங்கள் ஊரில் ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வரை பரவாயில்லை.

அடிலெய்டு_அக்கா – 10:36
இங்கே 0.05. பி பிளேட்காரர்களுக்கு (புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள்) சுழி. காலையிலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள்.

கிராமத்தான்_77 – 10:39
ஒயினரியில் துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்களாமே. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புகிறவனை நான் இன்னும் பார்த்ததில்லை.

தண்டவாளம் – 10:41
பார்த்திருக்க மாட்டீர்கள். ருசிக்கப் போகிறவன் துப்புவான், மற்றவன் விழுங்குவான்.

கிராமத்தான்_77 – 10:42
சார் எங்கே போனாலும் வாத்தியார்தான்.

தேங்காநார் – 10:47
சண்டை அப்புறம். பெட்டி வந்ததா இல்லையா?

மூணு_ஜோடி – 11:26
வந்துவிட்டது. பேப்பர்தான். அக்காவுக்குக் கோடி நன்றி. பட்டனை அழுத்த மறந்துவிட்டேன், அதனால் இன்னொரு முறை குளிக்க வேண்டியதாயிற்று. கிளம்புகிறோம்.

ஊர்சுற்றி_பழனி – 11:28
மகிழ்ச்சி. யார் ஓட்டுகிறீர்கள்?

சான்ஹோசே_சாம்பார் – பிற்பகல் 12:15
அப்படியானால் அடியில் வால்வே இல்லையா?

ஊர்சுற்றி_பழனி – மாலை 6:02
மூணு_ஜோடி, ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை போடுங்கள்.