ஜோர்டான்ஸ் கல்லறை நிலம் குறித்து உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1718-இல் இறந்தபின், இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் குவேக்கர்கள் (எளிமையை வலியுறுத்தும் ஒரு கிறித்தவப் பிரிவினர்) 1671-இல் வாங்கியிருந்த ஜோர்டான்ஸ் நிலத்தில், முதல் மனைவி குலியெல்மாவின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக்கல் நடுவதே வீண் ஆடம்பரம் என்று அக்காலக் குவேக்கர்கள் கருதியதால், இன்று அங்குள்ள குட்டையான, அலங்காரமற்ற கற்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் வைக்கப்பட்டன. ஆகவே எந்தக் குழி யாருடையது என்ற ஐயம் (எனக்கு இதுவே சுவையான பகுதி) அதன்பின்னும் ஓயவில்லை. 1881-இல் பென்னின் உடல் எச்சங்களைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசெல்ல அமெரிக்காவிலிருந்து வேண்டுகோள் வந்தபோது, நிலத்தின் அறங்காவலர்கள் மறுத்துவிட்டனர்.

இதைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். அந்த வேண்டுகோளும் மறுப்பும் தொடர்பான கடிதங்களை எங்கே படிக்கலாம் என்று தெரிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். லண்டன் பக்கம் வசிப்பவர்கள் எவரேனும், கற்களில் உள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்ப இயலுமா?