சிச்சம் பாலத்துக்குப் போய் வந்தவர்கள் யாரேனும் உண்டா?

வணக்கம். செப்டம்பர் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறேன். மடாலயங்கள் எனக்கு இரண்டாம்பட்சம்தான். கிப்பர், சிச்சம் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே அந்தக் கிடுகிடு பள்ளத்தின் மேல் நிற்கும் பாலத்தைப் பார்த்துவிட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 13,500 அடிக்கு மேல் உயரம். 2017இல் அது திறக்கும்வரை ஊர்க்காரர்கள் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் இழுத்தே மறுபக்கம் போனார்களாம்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. மணாலி வழியாகப் போனால் ஒரே நாளில் 4,500 மீட்டர் உயரக் குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். அதனால் சிம்லா, கின்னௌர் வழியாகப் படிப்படியாக ஏறலாம் என்றிருக்கிறேன். கல்பாவில் ஓர் இரவு, தாபோவில் ஓர் இரவு தங்கினால் உடம்பு பழகிவிடுமா? மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது அனுபவத்தை.

ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவிலிருந்து பாலத்துக்குப் போய்வர டாக்சிக்கு என்ன கேட்கிறார்கள்? பாலத்தில் இறங்கி நடக்கும் அளவுக்குக் காற்று அனுமதிக்குமா? மூச்சு வாங்கினாலும் அம்மா "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பயண முகவர்கள் மன்னிக்கவும், தனிச்செய்தி வேண்டாம்.