வாய் திறந்து மூடினால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி (கடலூர்வாசி):
ஞாயிறு மாலை வெள்ளிக் கடற்கரையில், சுண்டல் வண்டி அருகே பெரியவர் ஒருவர் சுருண்டு விழுந்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை. வாய் மட்டும் விட்டுவிட்டுத் திறந்து மூடியது. தொண்டையில் குறட்டைச் சத்தம். "மூச்சு இருக்கிறது, தொடாதீர்கள்" என்று கூட்டம் தடுத்தது. நெஞ்சை அழுத்தியிருக்கலாமா?

பதில் (செவிலியர், புதுச்சேரி):
அழுத்தத்தான் வேண்டும், ஐயா. நினைவில்லை, இயல்பான மூச்சுமில்லை என்றால் அதுவே போதும். நீங்கள் பார்த்தது மூச்சல்ல. இதயம் நின்றதும் சிலருக்கு வரும் வெற்றுத் திணறல். இதை நம்பிப் பலர் கைகட்டி நிற்பது எனக்கு ஆறாத வேதனை. நாடி தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில், முழங்கை மடங்காமல், 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

பதில் (மீனவர், தேவனாம்பட்டினம்):
கடலில் மூழ்கியவருக்கும் இதேதானா, அம்மா? எங்கள் பக்கம் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள்.

பதில் (செவிலியர்):
வயிற்றைத் தொடவே வேண்டாம், அண்ணா. மூழ்கியவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு அழுத்த வேண்டும். கை சோர்ந்துவிடும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.