இறுதிக் காலத்தில் இருக்கும் ஆசிரியரிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கலாமா?

கேள்வி – பழைய மாணவன்

பள்ளியில் எனக்கு வரலாறு கற்பித்த ஆசிரியருக்கு ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய் இருப்பது சென்ற ஆண்டு உறுதியானது. கைகள் இரண்டும் செயலிழந்துவிட்டன. பேச்சும் குழறத் தொடங்கியிருக்கிறது. ஆனால் நினைவாற்றலும் சிந்தனைக் கூர்மையும் சிறிதும் குறையவில்லை. வாரம் ஒருமுறை வந்து போகும்படி அவரே சொல்லியனுப்பியிருக்கிறார். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் மோரி ஷ்வார்ட்ஸ், இதே நோயுடன் 1995-இல் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியதையும், அவருடைய பழைய மாணவர் ஒருவர் வாரந்தோறும் அவரைச் சந்தித்து உரையாடியதையும் உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அவ்வாறே நானும் கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லலாமா, அல்லது மரணத்தை எதிர்நோக்கி இருப்பவரிடம் போய் வாழ்க்கைப் பாடம் கேட்பது தன்னலமாகிவிடுமா என்று தெரியாமல் தயங்குகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி – செவிலியர்

குணப்படுத்த முடியாத நோயாளிகளின் துன்பத்தைத் தணிக்கும் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். தயங்காமல் கேளுங்கள். கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினாவ் உருவாக்கி, 2005-இல் ஆய்வாக வெளியிட்ட சிகிச்சைமுறையே இப்படிப்பட்ட கேள்விகளால் ஆனதுதான். வாழ்வில் எந்தக் காலத்தில் மிகவும் உயிர்ப்புடன் இருந்ததாக உணர்ந்தீர்கள், எதைச் செய்ததில் உங்களுக்குப் பெருமை, வாழ்க்கையிலிருந்து கற்றவற்றில் எதைப் பிறருக்கு விட்டுச்செல்ல விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்தி, அவர் விரும்புகிறவர்களுக்காக அவரிடமே ஒப்படைப்பார்கள். தம்மால் இன்னும் கொடுக்க முடிகிறது என்னும் உணர்வு, எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தவருக்கு எவ்வளவு பெரியது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் பாடம் அவருடைய பதில்களில் மட்டும்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதே நோயோடு எங்கள் பராமரிப்பில் இருந்த கணித ஆசிரியை ஒருவரைப் பார்க்க, ஒரு முன்னாள் மாணவர் குறிப்பேட்டுடன் வந்து அமர்ந்தார். அது உணவு நேரம். அம்மையார் அவரிடம், "முதலில் எனக்கு ஊட்டிவிடு, பிறகு கேள்" என்றார். மாணவருக்குக் கை நடுங்கியது. "பாதிக் கரண்டி போதும். நான் முகவாயைத் தாழ்த்தி விழுங்குவேன். தொண்டை அசைந்து முடிவதைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடு. அவசரப்படாதே" என்று, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கி, வகுப்பில் கணக்கின் படிகளைச் சொல்லித்தருவதுபோல் சொல்லிக்கொடுத்தார். குறிப்பேடு அன்று திறக்கப்படவே இல்லை. உதவி பெறுவதால் தம் மதிப்பு குறைந்துவிடாது என்று நம்பும் ஒருவர் எப்படி உதவி கேட்பார் என்பதை அவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கற்றதில்லை. இன்றும் ஊட்டிவிடத் தெரியாத உறவினர்களுக்கு அவர் சொன்ன வரிசையிலேயே சொல்லித்தருகிறேன்.

மறுமொழி – வாசகர்

செவிலியர் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு எச்சரிக்கை. புற்றுநோயால் மறைந்த என் ஆசிரியர், மரணத்தைப் பற்றிய பேச்சையே விரும்பவில்லை. நான் எழுதிய கட்டுரையை வாசிக்கச் சொல்லி, இரண்டாவது பத்தி தேவையற்றது என்று வாதிடுவதில்தான் அவருக்கு ஆர்வம் இருந்தது. சில நாள் எரிச்சலோடும் இருந்தார். நோயுற்றவர் எல்லோரும் ஞானியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்கள்மீது நாம் ஏற்றும் இன்னொரு சுமை. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் ராண்டி பாஷ், கணையப் புற்றுநோய் முற்றிய நிலையில் 2007 செப்டம்பர் 18 அன்று ஆற்றிய புகழ்பெற்ற உரையில் எடுத்துக்கொண்ட பொருள்கூடச் சாவு அன்று, சிறுவயதுக் கனவுகளை நனவாக்குவதுதான். எதைப் பேசுவது என்பதை உங்கள் ஆசிரியரே முடிவு செய்யட்டும்.

மறுமொழி – ஆசிரியை

கேட்பதைப் போலவே சொல்வதும் முக்கியம். ஷ்வார்ட்ஸ், இறந்த பிறகு சொல்லப்படும் புகழுரை தம் காதில் விழாது என்பதால், உயிருடன் இருக்கும்போதே நண்பர்களை வீட்டுக்கு அழைத்து அவற்றைக் கேட்டார். "நல்லாசிரியர்" என்று பொதுவாகப் புகழாமல், அவர் சொன்ன எந்தச் சொல் உங்களுடைய எந்த முடிவை மாற்றியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நான் கற்பித்தவற்றில் எது யாரிடம் தங்கியது என்பது ஆசிரியையான எனக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

கேள்வி கேட்டவர் – பழைய மாணவன்

அனைவருக்கும் நன்றி. நேற்றுச் சென்றிருந்தேன். பழைய வகுப்பறையைப் பற்றி இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென விம்மி அழுதார். சற்று நேரத்தில் தானாகவே நின்றது. நான் புண்படுத்திவிட்டேனா?

மறுமொழி – செவிலியர்

பெரும்பாலும் இல்லை. உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகளை இந்நோய் பாதிக்கும்போது, துயரம் இல்லாத அழுகையோ மகிழ்ச்சி இல்லாத சிரிப்போ அடக்க முடியாமல் வருவதுண்டு. பதறாமல் காத்திருந்து, நின்றதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள். உண்மையான வருத்தமா என்று பிறகு அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மருத்துவரிடமும் குடும்பத்தினர் சொல்லட்டும், அதைக் குறைக்க மருந்து உண்டு.

இன்னொன்று அவசரமானது. பேச்சு குழறத் தொடங்கிவிட்டதால், அவர் சம்மதித்தால் குரலை இப்போதே பதிவு செய்யுங்கள். அவர் விரைவில் களைத்துவிடுவார் என்பதால் ஒரு சந்திப்புக்கு ஒரு கேள்வியே போதும்; அடுத்த வாரத்துக்கான கேள்வியை விடைபெறும்போதே சொல்லிவிட்டால், பதிலை அவர் நிதானமாக யோசித்து வைத்திருப்பார். பிற்பாடு குரல் முற்றிலும் நின்றாலும் கண் அசைவு பெரும்பாலும் நீண்டகாலம் நிலைத்திருக்கும். தமிழ் எழுத்துகள் எழுதிய அட்டையை வைத்துக் கண்ணால் சுட்டும் பயிற்சியை, அவருக்குப் பேச முடிகிற இந்த நாட்களிலேயே இருவரும் சேர்ந்து தொடங்கிவிடுங்கள்.